முன்னால சின்ன றெக்கை, பின்னால பெரிய றெக்கை: வாசகர் கேள்வி, அண்ணாச்சி பதில்

போன இதழ்ல அல்ட்ராலைட்னு சொல்லுற என்னோட பழைய எடை கம்மியான குட்டி விமானத்தப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். கலிபோர்னியாவுல வேலை பாத்த காலத்துல, 1998ல, ஒரு விவசாயியோட கொட்டாய்ல தூசி படிஞ்சு கிடந்ததப் பாத்து வாங்குன டெரோடாக்டைல் அசெண்டர். ஒத்தை சீட்டு, அலுமினியக் குழாயும் பாய்த்துணியும் சேந்த உடம்பு, முன்னால ஒரு குட்டி றெக்கை, முதுகுக்குப் பின்னால இஞ்சின். ஊருக்குத் திரும்பும்போது அங்கனயே ஒரு ரிட்டயர்டு வாத்தியார் கையில ஒப்படைச்சுட்டு வந்துட்டேன். அந்த ஒரு பக்கத்துக்கு இவ்வளவு கடிதம் வரும்னு நான் நினைக்கவே இல்ல, அதனால இந்தத் தடவை முழுசா உங்க கேள்விக்குத்தான்.

நாங்குநேரி பக்கம் இருந்து ஒரு பள்ளி ஆசிரியர்: "அண்ணாச்சி, விமானத்துக்கு வால்லதானே சின்ன றெக்கை இருக்கும், உங்களுதுல ஏன் மூக்குல இருக்கு? கனார்டுன்னு எழுதியிருந்தீங்களே, அப்படின்னா என்ன?"

சார், நீங்க கூந்தன்குளத்துக்குப் பக்கத்துல இருக்கீய, உங்களுக்குச் சொல்லுறது ரெம்ப லேசு. கனார்டுன்னா பிரெஞ்சு பாஷையில வாத்து. குளிர்காலத்துல இமயமலையைத் தாண்டி கூந்தன்குளத்துக்கு பட்டைத்தலை வாத்து வருதுல்ல, அது பறக்கும்போது அண்ணாந்து பாத்திருப்பீய, கழுத்து முன்னால நீளமா போகும், றெக்கை எங்கயோ பின்னால கிடந்து அடிக்கும். 1906ல பாரீஸ்ல சாண்டோஸ் டுமாண்ட் பறந்த 14-பிஸ் விமானம் அச்சு அசலா அப்படித்தான் இருந்துச்சு, நீட்டுன கழுத்து மாதிரி ஒரு கூடு, அதோட நுனியில திருப்புற பெட்டி. முன்னால சின்ன றெக்கை வச்ச மெஷினுக்கு வாத்துன்னே பேரு நிலைச்சுப்போச்சு.

அதுக்கு முன்னாலயே, 1903 டிசம்பர் 17ல ரைட் சகோதரர்கள் முதல்ல பறந்த விமானத்துலயும் ஏத்தி இறக்குற றெக்கை முன்னாலதான் இருந்துச்சு. முதல் தடவை 12 விநாடி, 36 மீட்டர் சொச்சம், அவ்வளவுதான் பறந்துச்சு. பொறவு எல்லாரும் அதை வாலுக்குக் கொண்டு போயிட்டாங்க. ரெம்ப நாள் கழிச்சு 1970கள்ல பர்ட் ரூட்டன்னு ஒரு அமெரிக்க என்ஜினியர் வேரிஈஸி, லாங்-ஈஸின்னு வரிசையா கனார்டா செஞ்சு காட்டுனாரு. 1986ல அவரு டிசைன் பண்ணுன வாயேஜர் விமானம் நடுவுல பெட்ரோல் ஊத்தாம, எங்கயும் இறங்காம, ஒன்பது நாள்ல உலகத்தையே சுத்தி வந்துச்சு. அதுக்கும் முன்னால ஒரு றெக்கை இருந்துச்சு.

வித்தியாசம் என்னன்னா, சாதாரண விமானத்துல வால் றெக்கை பெரும்பாலும் கீழ அமுக்கும், அப்படி அமுக்குனாத்தான் மூக்கு நிமிந்து நிக்கும், அந்த அமுக்குற பாரத்தையும் பெரிய றெக்கைதான் சேத்துச் சுமக்கணும். கனார்டுல முன் றெக்கையும் மேல தூக்குது. ரெண்டு பேரு பல்லக்குத் தூக்குற மாதிரி, பாரத்துல ஆளுக்கு ஒரு பங்கு.

அம்பாசமுத்திரத்துல இருந்து ஒரு கல்லூரி மாணவி: "கனார்டு விமானம் ஸ்டால் ஆகவே ஆகாதுன்னு ஒரு வீடியோவுல சொன்னாங்க. உண்மையா?"

பாதி உண்மை தாயி, மிச்சப் பாதி ஆளைக் கொன்னுரும், அதனால இதுக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்லுதேன்.

ஸ்டால்னா இஞ்சின் நிக்கிறது இல்ல. மூக்கை ரெம்ப நிமித்துனா றெக்கை மேல ஒட்டி ஓடுற காத்து பிரிஞ்சுரும், தூக்குற சக்தி பொசுக்குன்னு போயிரும், அதுதான் ஸ்டால். கனார்டுல முன் றெக்கையைக் கொஞ்சம் கூடுதலா நிமித்தி வச்சிருப்பாங்க. அதனால மெதுவா போயி மெதுவா போயி எல்லைக்கு வரும்போது முதல்ல கைவிடுறது முன் றெக்கை. அது கைவிட்டதும் மூக்கு தானா தணியும், வேகம் கூடும், முன் றெக்கை திரும்பப் பிடிச்சுக்கும், மூக்கு மறுபடி எழும்பும். மூக்கை ஏத்தி இறக்குற ஸ்டிக்கை முழுசா வயித்தோட இழுத்துப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி மூக்கை ஆட்டிக்கிட்டே இறங்கும். பெரிய றெக்கை ஸ்டால் கிட்டயே போகாது. நான் ஆயிரம் அடி உயரத்துல வச்சு இதை எத்தனையோ தடவை செஞ்சு பாத்திருக்கேன், முதல் தடவை அது தானா தலையைத் தணிச்சப்போ எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, ஒரு மெஷின் நம்மளைக் காப்பாத்துதேன்னு.

ஆனா இது எல்லாம் பாரம் இருக்க வேண்டிய இடத்துல இருந்தாத்தான். மாட்டு வண்டியில வைக்கோல் ஏத்துறதைப் பாத்திருக்கியா? முன்பாரம் கூடுனா மாட்டுக்குக் கழுத்து வலிக்கும், வண்டி மெதுவா போகும், அவ்வளவுதான். பின்பாரம் ஆச்சுன்னா நுகத்தடி மேல தூக்கி மாட்டோட கழுத்தை நெரிச்சுரும், வண்டி குடை சாய்ஞ்சுரும். கனார்டும் அப்படியேதான். பின்பாரம் ஆயிட்டா முன் றெக்கைக்குச் சுமை குறைஞ்சுரும், அதனால அது கைவிடாது, பெரிய றெக்கை முதல்ல கைவிட்டுரும். அப்போ பின்பக்கம் தொங்கும், மூக்கு வானத்தைப் பாக்கும், ஸ்டிக்கை முன்னால தள்ளுனாலும் கேக்காம போகலாம், இலை விழுற மாதிரி அப்படியே தட்டையா விழுந்துரும்.

எனக்கு நடந்ததைச் சொல்லுதேன். 2003ல, பின்னால இஞ்சின்ல இருந்து காத்தாடியைச் சுத்த வைக்கிற பழைய பெல்ட் டிரைவ் தேஞ்சு போச்சுன்னு வேற ஒண்ணு வாங்கி மாட்டுனேன், பழசை விட நாலு கிலோ கூட. நாலு கிலோதானேன்னு திரும்ப எடை போடாம மேல போயிட்டேன். தரையை விட்டதுமே ஸ்டிக் கையில சோத்துக் கரண்டி மாதிரி லேசா ஆடுது, விட்டா மூக்கு தானா எழும்புது, முன்னால தள்ளிப் பிடிச்சுக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு. ஒரே ஒரு சுத்து, வேகத்தைக் குறைக்காம, திரும்பும்போது சாய்க்காம, தேர் திரும்புற மாதிரி அகலமாத் திருப்பிக் கொண்டு வந்து இறக்குனேன். இறங்குன பொறவு பத்து நிமிஷம் சீட்டை விட்டு எந்திரிக்க முடியல.

கணக்கு எப்படின்னு கேட்டா, நீ காலேஜ் பிள்ளை, உனக்கு லேசா வரும். மூணு சக்கரத்துக்கு அடியிலயும் தராசு வை, ஆள் சீட்டுல உக்காந்திருக்கணும். உதாரணத்துக்கு முன் சக்கரத்துல 30 கிலோ, பின் சக்கரம் ரெண்டுலயும் சேத்து 170 கிலோ, முன் சக்கரத்துல இருந்து பின் சக்கரத்துக்கு 1.5 மீட்டர்னு வச்சுக்கோ. 170ஐ 1.5ஆல பெருக்கி மொத்தம் 200ஆல வகுத்தா 1.275 மீட்டர், அங்கனதான் பாரத்தோட நடு. இப்போ 2.2 மீட்டர் தள்ளி நாலு கிலோ கூட்டு, 1.293 ஆயிரும். 1.8 சென்டிமீட்டர் பின்னால போயிருச்சு. கேட்டா சுண்டுவிரல் தண்டி. ஆனா இந்த மாதிரி குட்டி விமானத்துக்கு அனுமதிச்ச எல்லையே சில அங்குலம்தான். அதுலயும் விமானி சீட்டு முன்னால இருக்குற கனார்டுகள்ல, ஒல்லியான ஆள் உக்காந்தாலே நடு பின்னால போயிரும், அதுக்கு மூக்குல ஈயக்கட்டி வைக்கணும்.

இன்னொண்ணும் சொல்லிருதேன். முன் றெக்கை சின்னதா இருக்குறதால அதுல அழுக்கு பட்டா விமானம் சொல் பேச்சு கேக்காது. வேரிஈஸி, லாங்-ஈஸியில மழைத்துளி பட்டா மூக்கு தணியும்னு ஓட்டுனவங்க பல பேரு சொல்லியிருக்காங்க, அதனாலயே பொறவு லாங்-ஈஸிக்கு முன் றெக்கையோட வடிவத்தையே மாத்துனாங்க. பூச்சி ஒட்டுனாலும் இதே கதைதான், மழை விட்டதும் நம்ம ஊர்ல ஈசல் கிளம்புமே, அது மாதிரி நாள்ல ஒவ்வொரு தடவையும் ஈரத்துணியால தொடைக்கணும்.

வள்ளியூர் வாசகர் ஒருத்தர்: "வெளிநாட்டுல பழைய அசெண்டர் நாலைஞ்சு லட்சத்துக்கு விக்கிறதைப் பாத்தேன். வாங்கிட்டு வந்து நம்ம ஊர்ல பறக்க முடியுமா?"

தம்பி, மனசு ஒடிஞ்சு போகும்னு தெரிஞ்சேதான் சொல்லுதேன், வேண்டாம்.

அமெரிக்காவுல 1982ல பார்ட் 103ன்னு ஒரு விதி வந்துச்சு. ஒத்தை சீட்டு, காலி எடை 254 பவுண்டுக்குள்ள, அதாவது 115 கிலோ, பெட்ரோல் 5 கேலன், நம்ம கணக்குல 19 லிட்டர், முழு வேகம் 55 நாட், அதாவது மணிக்கு 102 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடாது, ஸ்டால் ஆகுற வேகம் 24 நாட், அதாவது 44 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. இதுக்குள்ள இருந்தா லைசென்சும் வேண்டாம், பதிவும் வேண்டாம், பகல்ல, ஊருக்கு மேல இல்லாம, பொழுதுபோக்குக்கு மட்டும் பறந்துக்கலாம். நான் பறந்தது அந்த விதியில. இங்கன அப்படி ஒரு விலக்கு கிடையாது. மைக்ரோலைட்னு சொல்லுற குட்டி விமானமா இருந்தாலும் மத்திய அரசோட விமானத் துறை டிஜிசிஏகிட்ட பதிவு வேணும், விடின்னு தொடங்குற எழுத்து வேணும், பறக்கத் தகுதியானதுன்னு பேப்பர் வேணும், ஓட்டுறவருக்கு லைசென்ஸ் வேணும், பாதுகாப்பு அனுமதி தனி. 40 வருஷத்துக்கு முந்தின மெஷின், செஞ்ச கம்பெனியே உற்பத்தியை நிறுத்தி எத்தனையோ காலம் ஆச்சு, யார் வந்து பேப்பர் குடுப்பா?

அதோட நம்ம வானத்தையும் பாருங்க. ஒரு பக்கம் கூடங்குளம் அணு உலை, ஒரு பக்கம் மகேந்திரகிரியில இஸ்ரோ, விஜயநாராயணத்துல கடற்படையோட ஐஎன்எஸ் கட்டபொம்மன், அங்கன நிக்கிற கோபுரம் 471 மீட்டர் உயரம், அதை இழுத்துக் கட்டுன கம்பி தூரத்துல இருந்து கண்ணுக்கே தெரியாது. வாகைக்குளத்துல ஏர்போர்ட் வேற. தெரியாம கிளப்பிட்டேன்னு சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

அந்தக் காசை ஃப்ளையிங் கிளப்ல கட்டுங்க. பிரைவேட் பைலட் லைசென்சுக்கு 17 வயசு ஆகியிருக்கணும், 40 மணி நேரம் பறந்திருக்கணும். ஒத்தை சீட்டு விமானத்துல பக்கத்துல உக்காந்து சொல்லித்தர ஆளுக்கு இடமே இல்லங்கிறதை மறந்துராதீங்க, எப்படியும் வேற விமானத்துல கத்துக்கிட்டுத்தான் இதுல ஏறணும். பொறவு என்னைக்காவது வெளிநாட்டுல வேலை கிடைச்சுப் போனீங்கன்னா எனக்கு எழுதுங்க, எதைப் பாத்து வாங்கணும்னு ஒவ்வொரு போல்ட்டா சொல்லித் தாறேன்.

தென்காசியில இருந்து: "ரெண்டு பேரு போகலாமா?"

என்னோட அசெண்டர் ஒத்தை சீட்டு, ஒரு ஆளுதான். சின்னப் பிள்ளையை மடியில வச்சுக்கூட கூடாது.

பணகுடி வாசகி: "எங்க ஊர் காத்துல இந்த மாதிரி விமானம் நிக்குமா?"

நிக்காதும்மா. உங்க ஊரைச் சுத்தி இத்தனை காத்தாடி நட்டிருக்காங்கன்னா சும்மாவா, ஆரல்வாய்மொழி கணவாய் வழியா தென்மேற்குக் காத்து பீறிட்டு வார இடம் அது. குற்றாலத்துல சாரல் விழுற மாசம் பூரா உங்களுக்குக் காத்துதான். என் விமானம் சாவகாசமா 65 கிலோமீட்டர் வேகத்துல போகும், எதிர்காத்து 40 அடிச்சா தரையில 25தான் மிஞ்சும், கீழ டவுன் பஸ் நம்மளை முந்திக்கிட்டுப் போகும். அதை விட மோசம் மலையை ஒட்டி வார முறுக்குக் காத்து, அசெண்டருக்கு எய்லரான், அதான் விமானத்தைச் சாய்க்க றெக்கையோட பின் ஓரத்துல இருக்குற மடிப்பு, அது கிடையாது, றெக்கை நுனியில இருக்குற ரட்டர்ங்கிற திருப்புற பலகையை வச்சுத்தான் சாய்ச்சுத் திருப்பணும், அது கொஞ்சம் தாமதமாத்தான் வேலை செய்யும்.

ஊருக்கு வந்ததுல இருந்து எனக்கு ஒரு பழக்கம், எங்க நின்னாலும் இங்கன பறந்தா எப்படி இருக்கும்னு யோசிக்கிறது. தை, மாசியில விடியக்காலம் பாளையங்கோட்டை வயக்காட்டுப் பக்கம் புகை நேரா மேல போகும், அதுதான் அல்ட்ராலைட் காத்து. எட்டரை மணிக்கு மேல சாத்தான்குளம் தேரிக்காட்டுச் செம்மண் சுட ஆரம்பிச்சா அங்க இருந்து வெப்பக்காத்து தூண் தூணா எழும்பும், பருந்து அதுலதான் றெக்கையை அசைக்காம வட்டம் போடுது. பருந்துக்கு அது வாகனம், 115 கிலோ பாய்த்துணிக்கு அது பள்ளம் மேடு.

சாத்தான்குளத்துல இருந்து ஒரு டூவீலர் மெக்கானிக்: "நான் இருபது வருஷமா ஆர்எக்ஸ் 100 வேலை பாக்கேன். உங்க விமான இஞ்சினும் டூ ஸ்ட்ரோக்குன்னு எழுதியிருந்தீங்க. அதையும் நான் பிரிச்சு மாட்டிருவேனா?"

பிரிச்சு மாட்டிருவீங்க தம்பி, சந்தேகமே இல்ல. கயுனா 430, ரெண்டு சிலிண்டர், 30 குதிரைசக்தி சொச்சம், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுறது. பிளக், பாயிண்ட், பிஸ்டன் ரிங்கு, கார்புரேட்டர், எல்லாம் உங்களுக்கு அத்துப்படிதான். ஆனா பைக்குல நீங்க ஆக்சிலேட்டரை ஏத்தி இறக்கிக்கிட்டே இருப்பீங்க, இஞ்சினுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். இதுல ஏறும்போது முழு ஆக்சிலேட்டர்லயே நிமிஷக் கணக்கா நிக்கும். பைக் ஜாம் ஆனா கிளட்ச்சைப் பிடிச்சு ஓரங்கட்டலாம், மேல ஓரம் கிடையாது. அதனால ஒவ்வொரு நொடியும் இப்போ இஞ்சின் நின்னா எந்த வயல்ல இறங்குவேன்னு ஒரு இடத்தைக் கண்ணுல வச்சுக்கிட்டேதான் பறக்கணும். எனக்கு ரெண்டு தடவை நின்னுருக்கு, ரெண்டு தடவையும் வயல் இருந்துச்சு.

ஜாம் ஆக முக்கியக் காரணம் ரெண்டு. ஒண்ணு, சூடு ஏறும் முன்ன முழுசா முறுக்குறது, அலுமினிய பிஸ்டன் வேகமா வீங்கும், சிலிண்டர் அந்த வேகத்துக்கு விரியாது, பிடிச்சுக்கும். இன்னொண்ணு, கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்குற ரப்பர் வெடிச்சு காத்து உள்ள போயி கலவை மெலிஞ்சு போறது. அதனால சைலன்சர் சூட்டைக் காட்டுற மீட்டர் இல்லாம நான் பறந்ததே இல்ல, அது திடீர்னு ஏறுனா கலவை மெலியுதுன்னு அர்த்தம்.

பெட்ரோல் விஷயம் உங்க பட்டறைக்கும் ஆகும். லிட்டருக்கு 20 மில்லி ஆயில், 50க்கு 1. இப்போ பங்க்ல வாரது எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் தண்ணியை உறிஞ்சும், ஒரு அளவுக்கு மேல உறிஞ்சுனா தண்ணியும் எத்தனாலும் சேந்து பிரிஞ்சு டேங்க் அடியில போயி நிக்கும். அந்த அடித் தண்ணியில ஆயிலே இருக்காது. இஞ்சின் முதல்ல உறிஞ்சுறது அதைத்தான். பழைய ரப்பர் ட்யூபையும் அது கரைச்சுரும். அளவு போட்ட கண்ணாடிக் குழாய்ல 10 மில்லி தண்ணி, 90 மில்லி பெட்ரோல் ஊத்திக் குலுக்கி வைங்க, கீழ தண்ணி 10ஐ விடக் கூடுனா எத்தனால் இருக்குன்னு அர்த்தம். நாள்பட்ட பெட்ரோலை விமானத்துல ஊத்தவே கூடாது.

அப்புறம் இது பின்னால தள்ளுற இஞ்சின். காத்தாடி உங்க முதுகுக்குப் பின்னால சுத்துது. சட்டைப்பைல இருந்து பேனா விழுந்தாலும், சைலன்சர் ஸ்ப்ரிங் அறுந்தாலும் நேரா காத்தாடிக்குத்தான் போகும். அதனால ஸ்ப்ரிங்கு, நட்டு எல்லாத்துக்கும் கம்பி போட்டு முறுக்கிக் கட்டணும், நம்ம சட்டைப்பை எல்லாத்தையும் பொத்தான் போட்டு மூடணும்.

தூத்துக்குடியில உப்பளம் வச்சிருக்கிற வாசகர்: "இவ்வளவு பழைய துணி எப்படி நம்மளைத் தாங்கும்?"

துணியை விட வெயில்தான் அண்ணாச்சி எதிரி. அந்தப் பாய்த்துணி டாக்ரான், பாலியெஸ்டர். கண்ணுக்குப் பளபளன்னுதான் இருக்கும், ஆனா வெயில்ல வருஷக்கணக்கா நின்னுருந்தா உள்ள நூல் செத்துப் போயிருக்கும். நான் வாங்குனப்போ சிவப்பும் மஞ்சளுமா அழகா இருந்துச்சு, வித்தவரு நல்ல மனுசன், அவருக்கே தெரியல, கட்டைவிரலை வச்சு அமுக்குனேன், அப்பளம் மாதிரி கிழிஞ்சுது. புதுத்துணி தைக்க ஆன செலவு விமானத்தோட விலையை விடக் கூட. பிரிட்டன்ல பெட்ஸோமீட்டர்னு ஒரு கருவி வச்சிருக்காங்க, துணியில ஊசியைக் குத்தி ஸ்ப்ரிங் தராசால இழுத்துப் பாக்குறது, சொன்ன அளவுக்குத் தாங்கலன்னா துணியை மாத்தியே ஆகணும்.

உப்புக்காத்தைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். அலுமினியக் குழாய்க்குள்ள எஃகு போல்ட் போற இடத்துல உப்பு ஈரம் பட்டா எஃகைத் தொட்ட அலுமினியம் அரிச்சுப் போயிரும், வெளிய ஒரு வெள்ளைப் பொடி மட்டும்தான் தெரியும். போல்ட்டைக் கழத்தாம தெரியாது. இழுத்துக் கட்டுன கம்பியில பழைய பருத்தித் துணியைச் சுத்தி உருவணும், ஒரு இழை அறுந்திருந்தாலும் துணியில மாட்டும், நுனியில அமுக்கி வச்ச இடத்துக்கிட்டதான் பெரும்பாலும் அறும். பனையேறுற அண்ணாச்சிமாரு காலையில தளைநாரை எப்படித் தடவிப் பாக்காங்க, நேத்துப் பாத்தோமேன்னு ஒரு நாளும் விடுறது இல்லல்ல, எனக்கு அந்தப் பழக்கம் எங்க தாத்தாவைப் பாத்து வந்தது, அவரு பனையேறினவரு.

பாளையங்கோட்டையில இருந்து ஒரு அம்மா: "பத்தாம் வகுப்பு படிக்கிற என் பையன் உங்க கட்டுரையைப் படிச்சுட்டு, மொட்டைமாடியில பைப்பும் தார்பாயும் சேத்து விமானம் செய்யப் போறேன்னு நிக்கான். பயமா இருக்கு. திட்டவும் மனசு வரல. என்ன சொல்ல?"

தாயி, உங்க கடிதத்தை நாலு தடவை படிச்சேன். திட்டாதீங்க. ஆனா அந்தப் பைப்பையும் தார்பாயையும் இன்னைக்கே கீழ இறக்கிருங்க, மாடியில இருந்து ஒரு தடவை குதிச்சுப் பாக்கலாம்னு எந்தப் பையனுக்கும் தோணும்.

அதுக்குப் பதிலா அவன்கிட்ட இதைக் குடுங்க. ஒரு நீளமான மூங்கில் குச்சி, அகர்பத்தி குச்சி ரெண்டு சேத்துக் கட்டுனாலும் போதும். பின்னால ஒரு பெரிய றெக்கை, கல்யாணப் பத்திரிகை அட்டை நல்லா வரும். முன்னால அதுல கால்வாசி அகலத்துக்கு ஒரு சின்ன றெக்கை, அதோட முன் ஓரத்துக்கு அடியில ஒரு தீக்குச்சியை வச்சு லேசா நிமித்தி ஒட்டணும். பெரிய றெக்கையோட ரெண்டு நுனியிலயும் அட்டையை நட்டுக்க மடிக்கச் சொல்லுங்க, அது நேரா போறதுக்கு. மூக்குல கொஞ்சம் களிமண்ணு. மெதுவா, தரைக்குச் சமமா விடணும், வீசக்கூடாது. மூக்கு நிமிந்து பின்னால சரிஞ்சு விழுந்தா களிமண்ணு பத்தல, கூட்டணும். நேரா தரையில குத்துனா கூடிப்போச்சு, கிள்ளி எடுக்கணும். ஒவ்வொரு தடவையும் குச்சியை விரல்ல வச்சு எந்த இடத்துல சமமா நிக்கிதுன்னு பாத்து பேனாவால கோடு போட்டுக்கிட்டே வரட்டும். ஒரு சாயங்காலம் முழுக்க அதுலயே போயிரும்.

ஹால் ஒரு முனையில இருந்து மறு முனைக்கு அது தலையாட்டாம போற அன்னைக்கு, அந்தக் கோட்டோட குச்சியைக் கையில குடுத்து அவனை என்கிட்ட அனுப்பி வைங்க. ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுலதான் இருப்பேன், என் பழைய நோட்டுல பதினேழு வருஷத்து எடைக் கணக்கு இருக்கு, உக்காந்து ரெண்டு பேரும் பாப்போம்.